அக்காவுக்காகப் படுத்த கல்

கப்பலைப் பிரேயஸில் பழுதுபார்க்க ஏற்றிய எட்டாம் நாள்
மலையாளத்துச் சமையற்காரன் குரியாக்கோஸோடு
பஸ் பிடித்து எபிதவ்ரோஸுக்குப் போனேன்,
எண்ணெய்க் கறை போகாத நகங்களோடு.

பைன் மரங்கள். சில்வண்டு. வெயில்.
தூண்கள் நின்ற இடத்தில் தூண்களின் பாதங்கள்.
கோயில் என்றாலும் ஆஸ்பத்திரிதான் அது.
நோயாளி குளிக்க வேண்டும், பிறகு
நீண்ட மண்டபத்தில் படுத்து உறங்க வேண்டும்.
வைத்தியக் கடவுள் கனவில் வருவாராம்,
சிலவேளை பாம்பாக, சிலவேளை நாயாக.

சுகப்பட்டவர்களின் கதையைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.
காது கேட்ட ஒருவன் இரண்டு காது செதுக்கி வைத்திருக்கிறான்,
நாங்கள் அம்மனுக்கு வெள்ளியில் கண் போடுகிற மாதிரி.
பலகையைக் குரியாக்கோஸ் எழுத்துக்கூட்டி வாசித்தான்:
தாடையில் ஈட்டிமுனையோடு ஆறு வருஷம் திரிந்தவன்
இங்கே உறங்கினான்.
கடவுள் அதைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தார்.
விடிய எழும்பி, அதைப் பொத்திப் பிடித்தபடி நடந்து போனான்.

"திருப்பி வாசி" என்றேன்.

அக்காவின் இடது தோளில் ஒரு செல் துண்டு இருக்கிறது.
கூனித்தீவை விட்டு ஓடிய சித்திரையில் ஏறியது.
எடுத்தால் நரம்பு போகும், இருக்கட்டும் என்றார் டொக்டர்.
இருக்கிறது.
மழைக்கு முதல்நாள் அது அவளுக்குச் சொல்லும்.
உறக்கம் போன இடத்தைத்தான்
ஒரு எக்ஸ்றேயும் காட்டவில்லை.
இரவு இரண்டு மணிக்கு அரிசியில் கல் பொறுக்குவாள்,
கல்லே இல்லாத அரிசியில்.
உறங்காதவளை இந்தக் கடவுள் எந்த வாசலால் சந்திப்பார்?

இன்னொரு கல்லில் இருந்தது:
மகளால் வர முடியவில்லை. தாய் வந்து உறங்கினாள்.
கனவு கண்டது தாய், சுகப்பட்டது மகள்.

கயிற்றைத் தாண்டினேன்.
படுத்தேன். கல் சுட்டது.
அர்ச்சனைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்:
சுகிர்தமலர், ஆயிலிய நட்சத்திரம்.
பாம்பின் நட்சத்திரம், அவருக்குப் பிடிபடும்.
ஓர் எறும்பு காதுக்குள் வழி பார்த்தது.
பிறகு விசில்.
காவல்காரி ஓடிவந்தாள்.
குரியாக்கோஸ் எனக்காகக் கைகூப்பினான்.

மூன்று மாதம் கழித்து, கன்னியா.
ஏழு கிணறு, ஏழு சூடு.
பக்கத்தில் பழைய அத்திவாரம், கயிறு, ஏறாதீர் என்ற பலகை.
யாருடைய அத்திவாரம் என்று ஆளுக்கொரு கதை.
அக்கா எதையும் வாசிக்கவில்லை.
வாளியைக் கேட்டாள்.
நாலாம் கிணற்றில் அள்ளி இடது தோளில் ஊற்றினாள்.
"இது பரவாயில்லை."
அவள் எண்ணவில்லை, நான் எண்ணினேன், முப்பத்தொரு வாளி.
பின்னால் காத்து நின்ற அநுராதபுரத்துப் பெண்
ஒன்றும் பேசாமல் தன் வாளியையும் நிரப்பி நீட்டினாள்.
முப்பத்திரண்டு.

நௌபரின் ஓட்டோ கன்னியாச் சந்தியில் திரும்பவில்லை,
ஈரத்தலை என் தோளில் விழுந்தது.
வாய் திறந்து, எச்சில் வடிய.
உப்புவெளியில் வீட்டு வாசல் வந்ததும்
அவன் சாவியில் கை வைத்தான்.
"நிற்பாட்டாத" என்றேன்.
எஞ்சின் ரூமில் பதினெட்டு வருஷம்.
ஓடுகிற சத்தத்தில் செத்தவர்போல் கிடப்போம்,
நின்றால்தான் திடுக்கிட்டு எழும்புவோம்.

பெற்றோல் விலை தெரிந்த மனிதன், ஒன்றும் கேட்கவில்லை.
நிலாவெளி வரைக்கும் பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டினான்.
ஒரு நாய் தெருவைக் கடந்தது, நின்று எங்களைப் பார்த்தது.
அவன் ஹோர்ன் அடிக்கவில்லை.

அவளுடைய கை மடியில் பொத்திக் கிடந்தது.
உள்ளே என்னவென்று எனக்குத் தெரியும்,
நனைந்த ரிக்கற், மிச்சச் சில்லறை.
தெரியும். என்றாலும்
அது தானாகத் திறக்கட்டும் என்று
இன்னொரு தரம் நிலாவெளிக்கு விடச் சொன்னேன்.