சாய்கோடு

ஜெலுத்தோங் அடுக்ககத்தில் பதினோராவது மாடி.
லிஃப்ட் மூன்று நாளாய் ஏழோடு நின்றுவிடுகிறது.
மீதி நான்கை மூச்சு வாங்கி ஏறினேன்,
கைப்பையில் ஒரு பென்டிரைவும்
இருபது காசு அளவில் ஒரு வட்ட பேட்டரியும்.

பென்டிரைவ் சியூ லிங் தந்தது.
என் ஷிஃப்டில் மூன்றாவது மைக்ரோஸ்கோப் அவளுடையது.
"பழைய பெட்டிக்கும் ஏறும், பயப்படாதே"
என்றாள் மலாயில், வாய் நிறையக் குவேயோடு.

பாயான் லெப்பாசில் நாங்கள் பார்ப்பது
இந்தப் பெட்டிகளின் குடலைத்தான்.
ஒரு நாளைக்கு நாலாயிரம் துண்டு,
கீறல் இருந்தால் சிவப்புத் தட்டு.
முழுசாய் ஒன்றைத் திறந்தது இன்றைக்குத்தான்.
விசிறியில் கம்பளி மாதிரித் தூசி,
மூலையில் பல்லிமுட்டை ஓடு இரண்டு.

பேட்டரி செத்த நாளிலிருந்து
கரண்ட் போய் வரும்போதெல்லாம்
இரண்டாயிரத்து ஒன்பதுக்கு ஓடிப்போய்
உட்கார்ந்துகொண்டது இது.
அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.
பழைய வட்டத்தை நகத்தால் நெம்பி
புதியதை அழுத்தினேன்.
டிக்.

எங்கே நிறுவ, என்று கேட்டது.
கீழே ஒரு சின்னப் பட்டியல்.
முதலில் நூறு எம்பி, அது யாருடையதும் இல்லை.
அப்புறம் சி.
அப்புறம் டி.

டி குணசீலனுடையது.
வாங்கிய வாரமே வட்டை இரண்டாய்ப் பிரித்தவன்.
"உன்னோடது இதுல, என்னோடது அதுல,
குழப்பம் வராது."
வரவில்லைதான்.
கோர்ட்டில் கட்டில், வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாம்
எழுதிப் பிரித்தபோது
இதை இரண்டு பேருமே கேட்கவில்லை.

நேற்றிரவே டி-யைத் திறந்து பார்த்திருந்தேன்.
லாரிக் கம்பெனி இன்வாய்ஸ்.
அவன் வளர்த்த அரோவானா மீன், நானூறு படம்.
ஒன்றில் மட்டும்
தொட்டிக் கண்ணாடியில் தலைத்துண்டோடு நான்,
மீனுக்குப் பின்னால், மங்கலாய்.
எடுத்து வைக்கவில்லை.
எடுத்து வைத்தேன்.
பிறகு இடம் போதாதென்று நீக்கினேன்,
இடம் இருந்தது.

அழித்தால் திரும்ப வராது என்றது திரை.
கோர்ட்டுக் குமாஸ்தாவும் இதையே சொன்னார்,
முகத்தை நிமிர்த்தாமல்.
சரி.
சரி.
சரி.
ஒதுக்கப்படாத இடம், நானூற்று அறுபத்தைந்து ஜிபி.
நடுவில் கோடு இருந்த தடம்கூட இல்லை.

முப்பத்து நான்கு சதவீதத்தில் நின்றது.
மேகி கிண்டினேன். தின்றேன். சட்டி கழுவினேன்.
பாலத்து விளக்குகள் பாட்டுக்கு எரிந்தன.
எதிர் புளோக்கில் ஒருவர்
கரோக்கேயில் ஒரே சரணத்தை
நாலாம் முறையாகத் தவறவிட்டார்.
இன்னும் முப்பத்து நான்கு.
கெடுத்துவிட்டேன் என்று உட்கார்ந்திருந்தபோது
நாற்பத்தொன்று.

என்ன மொழி?
தேடினால் தமிழே நாலு:
இந்தியா, இலங்கை, சிங்கப்பூர்,
அடடே, மலேசியா.
தொடும்போது முதுகு தானாய் நிமிர்ந்தது,
வீட்டில் யாரும் இல்லை.
எந்த ஊர் நேரம்?
பினாங்கு பட்டியலில் இல்லை.
கோலாலம்பூரைத் தொட்டேன், வேறு வழி?

கடைசியாய்ப் பெயர்.
பாரம் நிரப்பிப் பழகிய விரல்
ஐசியில் உள்ளபடியே போனது:
ஜெயலோசனி, ஏ, சாய்கோடு, பி, சன்னாசி.
இந்தக் குறி பெயரில் வரக்கூடாது,
என்றது சிவப்பில்.

பள்ளி ரிஜிஸ்டர் கேட்ட கோடு,
பேங்க் கேட்ட கோடு,
சேர்த்த தாளிலும் பிரித்த தாளிலும்
ஒரே சாய்வில் நின்ற கோடு.
என்னை இன்னாரின் மகள் என்று
ஒவ்வொரு கவுண்டரிலும் ஒருமுறை சொன்ன கோடு.
சிவப்புத் தட்டில் விழுந்துவிட்டது.

சன்னாசி பட்டர்வொர்த்தில்
இந்நேரம் பந்து பார்த்துக்கொண்டிருப்பார்.
சொன்னால், "கோடுதானே, போகட்டும்,
வேலை செய்யுதா அது?" என்பார்.

பின்னோக்கி அழித்தேன், ஒவ்வோர் எழுத்தாய்,
ஜெயலோசனி வரை.
அங்கே விரல் நின்றது.

மணி ஒன்று நாற்பது, சரியான வருஷம்.
நீலத் திரையில் ஒரு குப்பைத்தொட்டி மட்டும்,
அதுவும் காலி.
விசிறி மட்டும் அதே பழைய விசிறி,
தூசி போயும் கொர்ரென்கிறது.
ஏழு மணிக்கு ஷிஃப்ட்.
பென்டிரைவைக் கழற்றி
சியூ லிங் மறக்காமலிருக்க
என் செருப்புக்குள் போட்டு வைத்தேன்.
அவள் மறக்கமாட்டாள், நான்தான்.