ஒட்டுக்கா

சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்ப்பவன் நான்.
வெளிநாட்டுக்காரன் அனுப்பிய விரலகலத் துணிக்கு
எட்டாம் தடவையும் பச்சை சேராமல்
ஒளிப்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவன்.
நித்திலா ஆடிட்டர் ஆபீஸில்.
மாதம் இருபதாம் தேதி வரைக்கும்
அவள் கண்ணுக்கு நான் ஒரு விடுபட்ட இன்வாய்ஸ்.

பதினஞ்சு வேலம்பாளையம், மாடி வீடு.
ரவைக்குப் பத்தரைக்கு மேல்
நாங்கள் ஒரு நாடு கட்டுகிறோம்,
நாலு வருஷமாக.
இதுவரை முடிந்தது ஒன்றே முக்கால் ஊர்,
ஒரு ஆறு, பதினோரு பனை
(ஒரே பனைதான், பதினோரு தடவை),
கத்தி விற்கும் ஒருவன்,
கத்தி வாங்கக் காசில்லாத நாயகி.

கதையும் கோடிங்கும் அவள். படம் நான்.
மொத்தமே பதினாறு நிறம் என்று சபதம்.
பகலெல்லாம் ஒரு பச்சைக்கு நாற்பது பச்சை கலக்குகிறவன்
இங்கே ஒரே பச்சையைப்
புல்லுக்கும் பாம்புக்கும் விஷத்துக்கும் பூசுகிறேன்.
எந்த பையரும் திருப்பியனுப்புவதில்லை.
அவள்தான் அனுப்புவாள்:
"பாம்பு புல்லாட்டவே இருக்குதுங்க."
"அப்படி இருந்தாத்தான பாம்பு."
ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் அந்தப் பாம்பு கடித்தால்
ரெண்டு உயிர் கூடுதலாகப் போயிற்று.

போன ஐப்பசியில் ஒரு பிழை.
கத்திக்காரனோடு பேசித் திரும்பினால்
ஆற்றைக் காணோம்.
"நம்மூர்ல இதைப் பிழைன்னு யாருங்க சொல்லப்போறா"
என்று அந்த மாசத்திலேயே முதல்முறை சிரித்தாள்.
ஆற்றைத் திரும்பக் கொண்டுவர
ஒன்பது ராத்திரி பிடித்தது.

நாயகியோடு கூட நடப்பவர்களுக்கு
ஒரு சொல் அகப்படவில்லை.
அணி என்றால் கிரிக்கெட்.
குழு என்றால் மகளிர் கடன்.
படை என்றால் மூன்று பேருக்கு ரொம்ப அதிகம்.
திரையின் இடது மூலையில்
அந்தப் பெட்டி மட்டும் பேரில்லாமல் கிடந்தது.

அப்போதுதான் டாக்காவிலிருந்து கடிதம்.
பெரிய சாயப்பட்டறை, ரெட்டைச் சம்பளம்,
தங்க இடம், தனி ஆள்.
படித்துவிட்டு மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
அவள் படித்துவிட்டு அதே இடத்தில் வைத்தாள்.
அந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட்.
கதவில் எதிரெதிரே வந்துபோனோம்,
சாவியை மட்டும் கை மாற்றிக்கொண்டு.

வியாழன் காலை, விரல் நகமெல்லாம் நீலத்தோடு
விளையாட்டைத் திறந்தேன்.
கத்திக்காரன் புதிதாக ஒன்று கேட்டான்:
"அக்கரையில கூலி ரெண்டு பங்காம். போறியா?"
கீழே மூன்று பதில்.

*போகிறேன்* என்று அழுத்தினேன்.
நாயகி கரையோரம் நடந்தாள்.
பனை, பனை, பனை. பாம்புகூட வரவில்லை.
எந்தப் பொத்தானும் அவளை நிறுத்தவில்லை.
கம்ப்யூட்டரையே அணைக்க வேண்டியதாயிற்று.

*போகவில்லை.*
கத்திக்காரன் தலை நிமிராமல் கேட்டான்:
"உன்னாலதான்னு பின்னாடி
யாரையும் சொல்லமாட்டியே?"

கடைசியில் *பேசாமல் நில்.*
நின்றேன். ஆறு ஓடிற்று, நாலே படத்தில்,
நான் வரைந்த ஆறு.
எதிர்வீட்டு மோட்டார் நின்றது.
ரொம்ப நேரம் கழித்து அவன் சொன்னான்:
"காப்பி பிளாஸ்க்குல இருக்குது."

இருந்தது.

குடித்துவிட்டு, எனக்குத் தெரியாத வேலையில் கை வைத்தேன்.
நாலாவதாக ஒரு பதில் சேர்த்தேன், ஒரே சொல்.
எங்கேயோ ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டதில்
நாடு மொத்தமும் திறக்காமல் போய்விட்டது.

பொழுதோட வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.
"ஏனுங்க, உங்களை யாரு இதைத் தொடச் சொன்னா?"
ரெண்டு மணி நேரம் தேடினாள்,
ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு.
எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.
காலையில் வந்து பார்க்கையில்
நாலாவது பதிலைக் காணோம்.
இடது மூலைப் பெட்டிக்கு மேலே
அந்தச் சொல் இருந்தது:
*ஒட்டுக்கா.*
பெட்டிக்குள் இன்னும் நாயகி மட்டும்தான்.
இரண்டாவது ஆளை நான் வரைய வேண்டும்.

டாக்காவுக்குப் பதில் சொல்லக் கெடு இருபதாம் தேதி.
இருபதாம் தேதியென்றால்
இவளுக்கு எதற்கும் நேரமிருக்காது.