சுவரேடு

புதுவயல் ஆலைத் தவிடு
எங்கள் கல்லூரிக் கரும்பலகையிலும் படியும்.
மொத்தம் அறுபத்தேழு பேர்.
கபடிக்கு இரண்டு அணி சேர்த்தால்
கைதட்ட ஆள் தேட வேண்டும்.

இலக்கிய மன்றச் செயலாளர் நான்,
மறுக்கத் தெரியாததால்
போட்டியின்றித் தேர்வு.
மாதம் ஒரு சுவரேடு ஒட்டணும்.
படைப்பு கேட்டால்
"பஸ் போயிரும்டி உமையா" என்று ஓடுவார்கள்.

நானே எழுதினேன்.
விடுகதை: கண்டனூர்க் கதிர்.
சமையல் குறிப்பு: ஓர் அனுபவசாலி
(எனக்கு வெந்நீர் மட்டும் வரும்).
காதல் கவிதை: நிலாமகன்.
அவனுக்காகக் கையெழுத்தை
இடப்பக்கம் சாய்த்தேன்.
அவனைத் திட்டி வந்த வாசகர் கடிதமும்
நான்தான்.

ஆவணி இதழ் ஒட்டிய மறுநாள்
கவிதைக்கடியில் பென்சிலில்:
"மூணாவது வரி பொய்."

வணிகவியல் சபுராவா?
ஆய்வகம் கூட்டும் சாத்தையா அண்ணனா?
மூன்றாவது வரியைப் படித்துப் பார்த்தேன்.
பொய்தான்.

புரட்டாசி இதழில் அந்த வரியைக்
காலியாக விட்டு ஒட்டினேன்.
நூலில் ஒரு பென்சில் கட்டித் தொங்கவிட்டேன்.

நாலு நாளாகத் தவிடுதான் எழுதுகிறது.
இன்று காலையும் வரி காலி.
பென்சிலை மட்டும்
யாரோ சீவி வைத்திருக்கிறார்கள்.