மூன்று முறை வாங்கியது

ஒரே துப்பாக்கியை மூன்று முறை வாங்கியிருக்கிறேன்,
மூன்று முறை விற்றிருக்கிறேன்.
ஒரு முறையும் சுட்டதில்லை.

அரை அங்குல வாய். இரண்டு கிலோ எடை.
என் அடகுக்கடைக் கண்ணாடிக்குள் அது இருந்தால்
மற்றவையெல்லாம் அதன் குட்டிகள்.
வருகிறவன் முதலில் அதைத்தான் காட்டச் சொல்வான்.
விலையைக் கேட்டதும் கையைப் பைக்குள் விட்டுக்கொள்வான்,
குளிர்கிறது என்பதுபோல.
பியூட்டில் அது எப்போதும் செல்லுபடியாகும் சாக்கு.

புதிதாக வாங்கினவன் எல்டன் ட்ரிலோர்.
செம்பு விலை ஏறிய வருஷம்,
சுரங்க லாரி ஓட்டிய ஓவர்டைம் காசு,
இரண்டாயிரத்து நூறு டாலர்.
பிப்ரவரியில் அவன் வண்டிக்கு கியர்பாக்ஸ் போனது.
தொள்ளாயிரம் என்றேன். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டான்.
ஐம்பது தோட்டாப் பெட்டியில் பதினாலு குறைந்திருந்தது.
அவன் போன பிறகு ரசீதின் முதுகில் வகுத்துப் பார்த்தேன்:
வெடி ஒன்றுக்கு எண்பத்தைந்து டாலர், சில்லறை தனி,
தோட்டாவின் விலையும் தனி.

கோர்டி புலிச் கரடிக்காக வாங்கினான்.
நெஞ்சில் தோலுறை மாட்டிக்கொண்டு
என் கடைக் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தான்,
பிறகு நேராக, பிறகு மறுபடி பக்கவாட்டில்.
மலையில் இரண்டாம் நாளே தோள் இறங்கிவிட்டதாம்.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பார்கள்.
இங்கே சுண்டைக்காயே ஆயிரத்து நானூறு.
கரடி வந்த காலையில் துப்பாக்கி வண்டியில் இருந்தது,
கோர்டி ஓடையில் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.
வாயெல்லாம் நுரையோடு கத்தினானாம்.
கரடி கொஞ்சம் யோசித்துவிட்டுப் போய்விட்டது.
"பேஸ்ட் என்ன விலை?" என்று கேட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.

அடுத்தது ஒரு பையன், பெயர் வேண்டாம்.
இளகிய மணிக்கட்டை அந்தத் துப்பாக்கி மன்னிக்காது.
சுட்ட குப்பி வெளியேறாமல் பாதி வழியில் சிக்கும்,
தொண்டையில் நின்ற மீன்முள்போல.
"பழுது" என்று திரும்பக் கொண்டுவந்தான்.
பழுது எதில் என்று நான் சொல்லவில்லை.
பழுதுக்கென்று இருநூறு குறைத்தேன்.

மூன்று விற்பனையில் எனக்கு ஆயிரத்து அறுநூறு லாபம்.
கடைக்கூரை இப்போது ஒழுகுவதில்லை.
தகுமா தகாதா என்று யாராவது கேட்டால்
நான் அண்ணாந்து பார்க்கிறேன்.

கடைசியாக ட்வைலா நீமி, வெல்டர்.
இரண்டு வருஷம் மாதம் ஐம்பது டாலராகக் கட்டி எடுத்துப்போனாள்.
எதற்கு என்றேன்.
"ஒன்றுக்குமில்லை."
மாதம் ஒரு ஞாயிறு, பழைய ஜல்லிக்குழியில்
ஒரே ஒரு தோட்டா.
பிறகு காதடைப்பைக் கழற்றிவிட்டு நிற்பாளாம்,
எதிர்மலை அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை.
"மூன்று டாலர்தான் ஆகிறது, மார்லிஸ்.
என் வீட்டில் என் பேச்சுக்கு அவ்வளவு நீளமான பதில் வந்ததில்லை."
அவள் அதைத் திரும்பக் கொண்டுவரவேயில்லை.
அந்த இடத்தில் ஒரு கிளாரினெட் வைத்திருக்கிறேன்.
யாரும் விலை கேட்பதில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன்.
பையனுக்கும் ட்வைலாவுக்கும் நடுவில், ஒரு நவம்பர்,
கடை மூடும் நேரம் ஒருவன் வந்தான்.
பெரியதைக் காட்டினான்.
தோட்டா பெட்டியாக வேண்டாம், ஒன்று தருவாயா என்றான்.
விலையைச் சொன்னேன். இருந்ததை எண்ணினான்,
எண்ணூறுக்குமேல் இல்லை.
பக்கத்திலேயே நூற்றைம்பதுக்கு ஒன்று கிடந்தது.
அதன் விலைச்சீட்டின்மேல் என் முழங்கையை ஊன்றிக்கொண்டு
காபி குடிக்கிறாயா என்று கேட்டேன்.
குடித்தான். இன்னொன்றும் குடித்தான்.
முழங்கை மரத்துப்போனது, நான் எடுக்கவில்லை.
யாரைக் கூப்பிடட்டும் என்றேன்.
வெகுநேரம் கழித்துத் தன் தங்கையின் எண்ணைச் சொன்னான்.
ஒற்றை விளக்கெரியும் ஒரு வண்டி
பனிக்குள் மெதுவாக வந்து
கடை வாசலில் நின்றது.