ஒரு ஜாண்

அதிகாலை மூன்றரை. அல் ஃபகாவில்
பெட்ரோல் பங்க்கின் பின்புறச் சிமெண்டுத் தரையில்
குளியலறைத் தராசை வைத்து
ஒவ்வொருவராய் ஏறச் சொல்கிறேன்.
எண்ணைச் சத்தமாய்ப் படிக்கக் கூடாது,
அது கம்பெனி விதி.
எழுதித் தாளைக் கவிழ்த்துவிடுவேன்.
பன்னிரண்டு பேர், எண்ணூற்றுத் தொண்ணூறு கிலோ,
கேமராக்களும் ஒரு கைக்குழந்தையளவு பவர்பேங்கும் சேர்த்து.
என்னை நிறுக்க யாரும் கேட்பதில்லை.

தில்பகதூர் சின்ன விளக்குக் கட்டிய
ஒற்றைப் பலூனை இருட்டில் விட்டான்.
ஒமானுக்குக் கிளம்பியது
பாதியில் மனம் மாறித் தெற்கே போயிற்று.
கேப்டன் இஷ்ட்வான் அண்ணாந்து பார்த்து
'ம்' என்றார். அவ்வளவுதான் வானிலை அறிக்கை.

மணலில் விரித்த துணி
காற்றாடி ஊத ஊதப்
படுத்தபடியே மூச்சு வாங்கிற்று.
அடுப்பு உறுமியதும்
எங்கள் எல்லோருக்கும் ஒரே நிறம், ஆரஞ்சு.
என் இடப்புருவம்
இரண்டாம் முறையாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

'விடுங்கள்' என்றார். விட்டோம்.
பஸ் கிளம்பினால்கூட ஓர் அதிர்வு இருக்கும்.
இது
கிளம்பியதே தெரியாமல்
நம் தலைக்கு மேலே இருந்தது.

இனி அவர்களுக்கு மலைமேல் சூரியன்,
குதிரைமசால் வயல்களின் பச்சைச் சதுரம்,
வரிசை பிசகாத பேரீச்சை, மான் தடம்.
எனக்கு வேலி.
பூட்டிய கேட், இன்னொரு வேலி,
சாவி வைத்திருப்பவர் சார்ஜாவில் தூங்குகிறார்.
குல்சமான் வானத்தைப் பார்த்து ஓட்டுகிறான்,
தரையை அவனுக்காக நான் பார்க்கிறேன்.
பின்னால் வந்த தில்பகதூரின் வண்டி
அச்சுவரை மணலில்.
ரேடியோ கேட்கிறது: 'மீராசா, எங்கே?'
உங்களுக்கு நேர் கீழே, கேப்டன். எப்போதும்போல.

ஒட்டகப் பண்ணை ஓரம் இறங்கியது.
இத்ரீஸ் ஓடி வந்தார்,
ஒரு கையில் கம்பு, மறு கையில் தேநீர்க் கெண்டி.
சினை ஒட்டகம் மிரளுதாம்.
சூடானிய அரபியில் திட்டினார்.
மன்னிப்புக்கு எனக்குத் தெரிந்த நாலு சொல்லும்
முதல் வரியிலேயே தீர்ந்தன.

மேலே துணியில் சூடு மிச்சம் இருக்கும்.
ஆகவே ஓர் ஆள் இறங்கினால்
ஓர் ஆள் விளிம்பில் தொங்க வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
கனமாக இருப்பதற்கு.
சொல்வதற்கு முன் ஒருவர் குதித்தார்,
ஒட்டகத்தோடு செல்ஃபி எடுக்க.
முகம் மறந்துவிட்டது, எண் நினைவிருக்கிறது:
நூற்று நான்கு கிலோ
வேலியை நோக்கி நடந்து போகிறது!
அவர் பின்னே மனைவியும். ஐம்பத்தெட்டு.

கூடை அசைந்தது.
குல்சமான் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
பூட்சின் அடியில் மணல் இல்லை.
ஒரு ஜாண் இருக்கும்.
மூன்று நொடி, நான்கு.
நாலு வருஷத்தில் என் மொத்த உயரம் அது.
பயமா என்றால் பயம்தான்.
விட்டுவிடு என்று கையும் சொல்லவில்லை,
விடாதே என்றும் சொல்லவில்லை.

கம்பு விழுந்த சத்தம் கேட்டது.
என் தோளோடு தோள் இடிக்க
விளிம்பில் வந்து தொங்கினார் இத்ரீஸ்.
வியர்வையும் ஏலக்காயும் மணத்தது.
பூமி மெல்ல வந்து
இரண்டு பேர் காலையும் தொட்டது.
தொங்கியபடியே
விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார்.

துணி சரிந்து, பயணிகள்
நாலாயிரம் அடி என்று அச்சடித்த
சான்றிதழோடு போன பின்
இதற்கு எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று கேட்டார்.
சொன்னேன்.
'ஓர் ஆடு. கொம்போடு' என்று
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வண்டியின் பின்னால் தராசைக் கண்டதும்
செருப்பைக் கழற்றி ஏறினார், கெண்டியோடு.
அறுபத்து மூன்று.
விதியை மீறி உரக்கப் படித்தேன்,
ஒட்டகங்களுக்கும் கேட்கும்படி.
கெண்டியை என் கையில் திணித்துவிட்டு
'இப்போது நீ' என்றார்.

தூரத்தில் தில்பகதூர்
இன்னும் டயரைத் தோண்டிக்கொண்டிருந்தான்.