நான்காம் இலைக்கு முன்

லிம் சூ காங். பாத்தி எண் பதினொன்று.
கீரை விதைத்தோம், கோரை வந்தது.

முதல் வாரம் மண்வெட்டியால் கொத்தினேன்.
தப்பு.
ஒன்றை நான்காக்கி, நான்கையும்
பதம் பார்த்து நட்டுக்கொடுத்ததுபோல் ஆயிற்று.
யூசோஃப் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
'தெக்கி' என்றார்,
தெரிந்த கடன்காரன் பெயரைச் சொல்வதுபோல.

இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும்.
ஆழத்தில் ஒரு கறுப்பு நூல் அறுவது
காதுக்குக் கேட்காது, விரலுக்குத் தெரியும்.
கீழே கிழங்கு.
அதற்கும் கீழே இன்னொன்று.

மருந்தடித்தால் ஒரே வாரம் என்கிறார்
எரு கொண்டுவரும் லாரிக்காரர்.
வரும்போதெல்லாம் சொல்கிறார்.
திருவாட்டி குவெக் பதில் சொல்வதில்லை,
அவருக்குத் தேநீர் ஊற்றுகிறார்.

வெயிலை மறைத்துப் பார்ப்போமென்று
புக்கிட் தீமாவில் கழற்றிப்போட்ட பதாகை ஒன்றைக்
கேட்டு வாங்கி வந்தோம்.
மூன்று படுக்கையறை, நீச்சல்குளம்,
தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை.
விரித்து, மூலைக்கொரு கல் வைத்தோம்.
எங்கள் குத்தகைக்கு இன்னும் ஆறு ஆண்டு.
யாரும் அதைப் பேசவில்லை. கல்லை இறக்கும்போது
எல்லாரும் ஒருமுறை அந்த எண்ணைப் படித்தோம்.

பதினெட்டாம் நாள், மழை விட்டபின்,
நீச்சல்குளத்தின் நடுவே
ஊசிமுனையாய் ஒரு பச்சை.
மறுநாள் ஏழு.
லாரிக்குப் போர்த்துகிற தடிமன் அந்தப் பதாகை!
எனக்குக் கோபம்கூட வரவில்லை.
தெங்காவிலிருந்து கிளம்பிய போர்விமானம்
தலைக்குமேல் வானத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில்
குளியல்பொடிக்கு வரிசையில் நின்றேன்.
வெட்டிவேருக்கும் பூலாங்கிழங்குக்கும் நடுவே
காய்ந்த கோரைக்கிழங்கு, சாதுவாக,
நூறு கிராம் மூன்று வெள்ளி.
'வேணுமாக்கா?' என்றார் கடைக்காரர்.
என் நகக்கண்ணில் அதே வாசம்.

இப்போது வேறு கணக்கு.
நான்காம் இலை விரியும்வரை
அது கிழங்கின் சேமிப்பில்தான் சாப்பிடுகிறது.
அதன்பிறகே அடுத்த கிழங்குக்குப் போட்டுவைக்கும்.
அதற்குள் எடுத்துவிட்டால்
செலவு உண்டு, வரவில்லை.
முள்கரண்டியால் மண்ணை நெகிழ்த்தி
வந்தவரை எடுக்கிறேன்.
வராததற்குப் பத்து நாள் தவணை.
இடையிடையே சர்க்கரைவள்ளிக்கொடி:
நிழல் ஒன்றுதான் அதற்கு ஆகாது.

வங்கியில் பன்னிரண்டு ஆண்டு
கடன் வசூல் பிரிவில் இருந்தேன்.
குரலை உயர்த்தியது கிடையாது.
தேதி மறந்ததும் கிடையாது.

சென்ற முறை வாளியில் நானூற்று நாற்பது.
இந்த முறை முன்னூற்றுப் பன்னிரண்டு.
மண்ணுக்குள் இருப்பு எவ்வளவு என்று
எந்த அறிக்கையும் வருவதில்லை.

நேற்று ஈசூன் கோயிலில்
தம்பி மகனுக்கு முகூர்த்தம்.
கெட்டிமேளத்துக்கு நடுவே என் கைப்பேசி அடித்தது:
ஆறரை, பாத்தி பதினொன்று.
சம்பந்தி திரும்பிப் பார்த்தார்.
ஒரு கையில் அட்சதை, மறுகையால்
யூசோஃபுக்குத் தட்டினேன்: மூன்றா, நான்கா?

படம் வந்தது. ஈரமண், அவர் கட்டைவிரல்,
அதன்மேல் சாய்ந்த ஒரு தாள்.
பெரிதாக்கி எண்ணினேன்.
மூன்று.

அட்சதையைப் போட்டேன்.