நான்கு வரி, பதினேழு பக்கம்

கடிதம் நான்கு வரிதான்.
'சொந்தக் காரணங்களால்' என்று தொடங்கி
'நன்றியுடன்' என்று முடிகிறது.
நடுவில் ஒரு தேதி.

முதலில் எழுதியது நீளம்.
மூன்று மெஷினுக்கு ஒருத்தி என்றிருந்ததை
ஐந்துக்கு ஒருத்தி என்று மாற்றிய ஆடி மாதம்,
பாத்ரூம் போக நேரமில்லாமல்
தண்ணீர் குடிப்பதையே விட்டது
(அதுவும் டயாலிசிஸ் வார்டில்)
எல்லாம் இருந்தது அதில்.
காட்பாடி மேம்பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோது
எடுத்துப் படித்தேன்.
கோபத்தில் நிறைய எழுத்துப்பிழை.
அடுத்த வாரம் அதன் பின்பக்கம்
மளிகைக் கணக்கு எழுதினேன்.

உண்மையில் காரணம் அதுவும் இல்லை.

பேரணாம்பட்டு துளசிங்கம்.
செவ்வாய், வியாழன், சனி,
மதியம் இரண்டு மணி, நான்காம் கட்டில்.
ஆறு வருஷம் அவர் இடது கையில்
ஊசி போட்டவள் நான்.
தோலுக்கடியில் ரத்தம் அதிர்ந்து ஓடுவதை
'என் வண்டு' என்பார்.
'இன்னா சொல்லுது பாரு' என்று கையை நீட்டுவார்.
ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் மகன் போன் செய்தான்.
ராத்திரியே போய்விட்டாராம்.
ஐயோ என்றேன். வாய்தான் சொன்னது.
மனசு அதற்குள்
இரண்டு மணி காலி,
குடியாத்தத்துப் பெண்மணியை அங்கே போடலாம் என்று
கணக்கை முடித்திருந்தது.

பதிவேட்டில் அவர் பெயரை அடித்தேன்.
ஸ்கேல் வைத்தது போல
ஒரு நடுக்கமும் இல்லாத கோடு.
அன்றைக்கு முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் அறையில் ஏ.சி. நன்றாக வேலை செய்தது.
'வேற ஆஸ்பத்திரியா? எவ்ளோ தராங்க?'
இல்லை மேடம்.
'துபாயா?'
இல்லை.
'பின்ன?'
களைப்பா இருக்கு மேடம்.
'நாலு நாள் லீவு எடுத்துக்கயேன்.'

நாலு நாளில் போகிற களைப்பை எனக்குத் தெரியும்.
அது கெண்டைக்காலில் இருக்கும்.
இது எங்கே இருக்கிறது என்று
கை வைத்துக் காட்டத் தெரியவில்லை.
சிரித்தேன். அவரும் நல்லவர்தான்,
அவருக்கும் மேலே ஒருவர் கணக்குக் கேட்கிறார்.
கதவைச் சத்தம் வராமல் சாத்தினேன்.

ஒரு மாத நோட்டீஸ்.
லாங் பஜாரில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி
எனக்குப் பின்னால் வருகிறவளுக்கு எழுதினேன்.

கௌஸ் பாய்க்குத் தழும்பிலிருந்து இரண்டு விரல் கீழே குத்து.
குத்தும்போது மகளைப் பற்றிக் கேட்காதே,
கிரிக்கெட் கேள்.
அசன்சோல் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது.
'பேத்தா' என்றால் வலி.
சொல்ல மாட்டார். கால் விரல் மடங்குகிறதா பார்.
ஏழாம் கட்டில், சித்திரையில் மூன்று கிலோ கூடி வருவார்.
ஒரு சொட்டு குடிக்கவில்லை என்று சத்தியம் செய்வார்.
வேலூர் வெயிலை நீயும் பார்க்கத்தானே போகிறாய்,
திட்டாதே.

துளசிங்கத்துக்குப் பக்கம் தேவையில்லை.
ஆனாலும் எழுதினேன்.
அந்த ஒரு பக்கத்தில்
கையெழுத்து கொஞ்சம் மோசம்.

பதினேழு பக்கம் வந்தது.

கடைசி நாள் கேக் வெட்டினார்கள்.
கட்டிலில் இருந்த யாரும் சாப்பிடக் கூடாத கேக்.
'இன்னாம்மா, எங்க கைய உட்டுட்டுப் போறியாமே'
என்றார் கௌஸ் பாய்.
பதில் தேடுவதற்குள்
புதுப் பெண் செவ்வந்தி ஊசியோடு வந்துவிட்டாள்.
அவள் கை நடுங்கியது.
நான் குறுக்கே போகவில்லை.
அவரே சொன்னார்:
'ரெண்டு விரல் கீழ, பாப்பா. பயப்படாத.'

நோட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.
நாலு மணி வெயில், தார் இளகியிருந்தது.
பெட்டிக்கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் வாங்கி
நின்ற இடத்திலேயே
முழுசாகக் குடித்தேன்.
பாகாயம் பஸ் இரண்டு போனது.
இன்னொரு பாட்டில் கேட்டேன்.